நாற்பத்தைந்து கிராம்

கார் வைத்திருப்போர் மத்தியில் தீராத வழக்கு ஒன்று உண்டு. தேய்மானத்தைச் சமப்படுத்துவதற்காக முன் சக்கரங்களைப் பின்னாலும் பின் சக்கரங்களை முன்னாலும் மாற்றிப் பூட்டும்போது, அவற்றை இயந்திரத்தில் ஏற்றிச் சுழற்றி ‘பெலன்சிங்’ பார்ப்பதும் கூடவே அவசியமா என்பதே அந்த வழக்கு. அவசியம் என்பார்கள் டயர்க் கடைக்காரர்கள். அநாவசியம் என்பார்கள் காசு கொடுப்பவர்கள். எங்கள் கல்லூரி ஆசிரியர் அறையில் இரண்டு கட்சிகளும் உண்டு. நான் நெடுங்காலம் இரண்டாவது கட்சியைச் சேர்ந்தவன். அதிலும் வெறுந் தொண்டன் அல்லன், பிரசாரகன். உயர்தர வகுப்புக்குப் பௌதிகவியல் கற்பிக்கிற எனக்குச் சுழலும் பொருள்களைப் பற்றி டயர்க் கடையில் உபதேசமா என்ற கர்வமும் அடியில் இருந்தது.

என் வாகனம் ஒரு சிறிய இந்தியக் கார். 2020ஆம் ஆண்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்படுவதற்குச் சில மாதங்கள் முன்பு வங்கிக் கடனில் வாங்கியது. அப்போது வாங்காதிருந்தால் பிறகு வாங்கியிருக்கவே முடியாது. அந்தத் தடைக்குப் பின் பழைய கார்களின் விலை ஏறிய ஏற்றம் நம்முடைய மலைப் பாதைகளின் ஏற்றத்தையும் தோற்கடித்துவிட்டது. ஆகவே அந்தக் காரை நான் பூப்போல வைத்திருந்தேன் என்று சொல்வது மிகையாகாது.

ஆனால் ஹட்டன், நுவரெலியாப் பக்கத்தில் காரைப் பூப்போல வைத்திருக்கலாமே தவிர, அதன் டயரை அப்படி வைத்திருக்க முடியாது. இத்தகைய கார்களில் இயந்திரத்தின் பலம் முன் சக்கரங்களுக்கே போகிறது. திரும்புகிறவையும் அவையே. பிரேக் பிடிக்கும்போது வண்டியின் பாரம் முன்னே சரிவதால், நிறுத்துகிற வேலையின் பெரும்பங்கும் அவற்றின் தலையிலேயே விழுகிறது. நுவரெலியாவிலிருந்து றம்பொடை வழியாக ஒருமுறை இறங்கிப் பாருங்கள். ஒரு வளைவு முடியுமுன் அடுத்த வளைவு தொடங்கும். கால் பிரேக்கை விட்டு எழும்பாது. ஒவ்வொரு வளைவிலும் முன் டயர்களின் தோள்ப்பட்டை தாரில் உரசிக் கரைகிறது. பின் சக்கரங்களோ சமர்த்தாகப் பின்தொடர்ந்து வருவதோடு சரி. லயத்து வீட்டில் மூத்த மகள் தண்ணீர் சுமந்து, தம்பி தங்கைகளைப் பார்த்து, கொழுந்துக்கும் போய்வர, மற்றவர்கள் பள்ளிக்கூடம் போவதில்லையா? அந்தக் கதைதான். எங்கள் வீட்டிலும் அப்படித்தான் நடந்தது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

ஆகவே எட்டாயிரம் அல்லது பத்தாயிரம் கிலோமீற்றருக்கு ஒரு தடவை சக்கரங்களை இடம் மாற்றுவது சமவெளிக்காரர்களுக்கு நல்ல பழக்கமென்றால், மலையகத்தில் அது கட்டாயம். முன்னே உள்ள இரண்டும் நேராகப் பின்னுக்குப் போகும்; பின்னே உள்ள இரண்டும் குறுக்காக முன்னுக்கு வரும். மொரிஸ் மைனர் ஓடிய காலத்தில் ஐந்தாவது சக்கரத்தையும் இந்தச் சுற்றில் சேர்த்துக்கொள்வார்கள். பின்னர் ரேடியல் டயர்கள் வந்தபோது, ஒரு பக்கத்து டயரை மறுபக்கத்துக்கு மாற்றலாகாது என்று சிறிது காலம் சொல்லி, பிறகு அந்த விதியையும் தளர்த்தினார்கள். சுழலும் திசைக்கு அம்புக்குறி போட்டு வருகிற டயர்களை மட்டும் இன்றும் பக்கம் மாற்றக் கூடாது.

2024ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இப்படி ஒருநாள் ஹட்டனில் வழக்கமான கடைக்குக் காரைக் கொண்டுபோனேன். அங்கே வேலை செய்யும் இளைஞர், “சேர், பெலன்சிங்கும் சேர்த்துப் போட்டுடவா?” என்று கேட்டார்.

“எதற்குத் தம்பி? டயரும் ரிம்மும் அதில் மாட்டிய ஈயத் துண்டும் ஒரே குடும்பம். முன் காம்பராவிலிருந்து பின் காம்பராவுக்குக் குடிபோனால் குடும்பத்தில் ஆள் கூடுமா, குறையுமா? ரிம்மிலிருந்து டயரைக் கழற்றினால் அல்லவா சமநிலை மாறும்? நீர் சக்கரத்தை அப்படியே கழற்றி அப்படியே பூட்டுகிறீர்.”

கடையில் காத்திருந்த இரண்டு முச்சக்கர வண்டிக்காரர்கள் இந்த விரிவுரையை மிகவும் ரசித்தார்கள். இளைஞர் சிரித்துவிட்டுப் பேசாமல் பூட்டிக் கொடுத்தார். 2021இல் நிர்ணயிக்கப்பட்ட ஆயிரம் ரூபாய் நாட்சம்பளமே அப்போது தோட்டங்களில் நடைமுறையில் இருந்தது. அன்று நான் மிச்சம் பிடித்த தொகை என் அக்காவின் இரண்டு நாட் சம்பளத்துக்குச் சற்று மேலே இருக்கும்.

மூன்று வாரம் கழித்து அந்த அக்காவின் மகன் கத்தாருக்கு வேலைக்குப் புறப்பட்டான். தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டமொன்றில் அக்கா இருபத்தைந்து வருஷத்துக்கு மேலாகக் கொழுந்தெடுக்கிறாள். நான் பட்டதாரியானது அவள் பள்ளிக்கூடத்தை விட்டதனால்தான். அவளுடைய ஒரே பிள்ளை முதன்முறையாகக் கடல் கடந்து போகிறான். வாடகை வேன் வேண்டாம், நானே கட்டுநாயக்காவுக்குக் கொண்டுபோய் விடுகிறேன் என்று சொல்லியிருந்தேன். அக்கா அதிகாலையில் எழுந்து ரொட்டி சுட்டு, கட்டைச் சம்பல் இடித்து, வாழையிலையில் பொதி கட்டியிருந்தாள். விமான நிலைய வாயிலில் உட்கார்ந்து எல்லோரும் சேர்ந்து சாப்பிடுவது, பிறகு அவன் உள்ளே போவது என்பது அவளுடைய திட்டம். அதற்காக இரண்டு மணி நேரம் அதிகமாகவே வைத்துப் புறப்பட்டோம்.

வட்டவளை, கினிகத்தேனை, கித்துல்கலை என்று பாதை இறங்கிக்கொண்டே போயிற்று. தேயிலை மறைந்து ரப்பர் மரங்கள் தொடங்கின. எட்டியாந்தோட்டை தாண்டும்போது, பிரேசில் காட்டிலிருந்து இலண்டன் வழியாக வந்த ரப்பர்க் கன்றுகள் 1876இல் நம் நாட்டின் எனரத்கொடைத் தோட்டத்தில் நடப்பட்ட கதையையும், அதற்குப் பன்னிரண்டு வருஷம் கழித்து 1888இல் பெல்பாஸ்ட் நகரத்து மிருக வைத்தியர் டன்லப் தம் மகனின் மூன்று சக்கர வண்டிக்குக் காற்றடைத்த டயர் செய்து கொடுத்த கதையையும் மருமகனுக்குச் சொல்லிக்கொண்டு வந்தேன். “மாமா, இன்னைக்குமா பாடம்?” என்றான் அவன். அவ்வளவு உற்சாகமாகத்தான் இருந்தோம். இந்த இறக்கத்தில் எங்கும் நாற்பது கிலோமீற்றர் வேகத்தைத் தாண்ட இடமில்லை. கார் வெண்ணெய்போல வழுக்கிக்கொண்டு வந்தது.

அவிசாவளை கடந்து, கடுவலையில் அதிவேகப் பாதையில் ஏறினேன். அங்கே மணிக்கு நூறு கிலோமீற்றர் வரை போகலாம். எழுபதைத் தாண்டியதும் கையில் இலேசான கூச்சம். எண்பதில் அது நடுக்கமாயிற்று. தொண்ணூறில் ஸ்டியரிங் இரு கைகளையும் பிடித்து உலுக்கியது. கண்ணாடியடியில் வைத்திருந்த திருநீற்றுச் சிமிழ் தாளம் போடத் தொடங்கியது.

“என்ன தம்பி, வண்டி நடுங்குது?” என்றாள் அக்கா பின்னாலிருந்து.

இத்தகைய நேரத்தில் முதலில் நினைவுக்கு வருவது சக்கரத்து நட்டுகள். இறுக்காமல் விட்டிருந்தால் சக்கரமே கழன்று ஓடும். ஓரத்தில் நிறுத்தி, சாவி போட்டு ஒவ்வொன்றாக இறுக்கிப் பார்த்தேன். எல்லாம் சரியாகவே இருந்தன. மறுபடி ஓட்டினால் மறுபடி அதே நடுக்கம். எங்கே கோளாறு என்று தெரிந்திருந்தால், ஐம்பதிலோ அறுபதிலோ ஓரமாகப் போய்ச் சேர்ந்திருக்கலாம். தெரியாததுதான் என்னைக் கலக்கியது. மனைவி, அக்கா, அத்தான், அவர்களுடைய ஒரே பிள்ளை ஆகிய நால்வரையும் ஏற்றிக்கொண்டு, அருகே பஸ்கள் இரைந்து பறக்கிற பாதையில், என்ன ஒடியப் போகிறதோ என்று ஓட்ட எனக்குத் தைரியம் வரவில்லை. கடவத்தையில் இறங்கிவிட்டேன். இராகமை, கந்தானை, ஜாஎலை என்று மாலை நேர நெரிசலில் வண்டிகளின் பின்னே ஊர்ந்தோம். ஊர்கிற வேகத்தில் கார் மீண்டும் பரம சாதுவாகிவிட்டது!

விமான நிலையத்தை அடைந்தபோது, உள்ளே போகவேண்டிய நேரம் ஏற்கெனவே தாண்டிவிட்டது. பையை இறக்கி வைத்ததும், “மாமா, வாறேன், அம்மா, வாறேன்” என்று சொல்லி அவன் ஓடினான். காலைத் தொட்டுக் கும்பிடக் குனிந்தவனை, “போ, போ, நேரமாச்சு” என்று அக்காவே தள்ளிவிட்டாள். கண்ணாடிக் கதவுக்கு அப்பால் ஒருமுறை திரும்பிக் கை காட்டினான் என்று என் மனைவி சொன்னாள். அக்கா அதைக் காணவில்லை. அப்போது அவள் பொதியைக் கையில் எடுத்துக்கொண்டு, அதை எப்படிக் கொடுத்தனுப்புவது என்று ஒரு காவலரிடம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அந்தப் பொதியை விடியற்காலையில் கித்துல்கலையில் ஒரு தேநீர்க் கடை வாசலில் பிரித்தோம். ஒரு வார்த்தை கடிந்து பேசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். “நீயும் சாப்பிடு தம்பி, இராப் பூராவும் வண்டி ஓட்டினியே” என்றுதான் சொன்னாள்.

அன்றிரவு மலையேறும் வழியெல்லாம் காரணத்தை யோசித்துக்கொண்டே வந்தேன். எங்கள் தகப்பனார் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்தவர். தோட்டத்துப் பேச்சில் அதற்கு ‘ஸ்டோர்’ என்று பெயர். பச்சைக் கொழுந்தை வாட்டுவதற்குக் காற்று வீசும் பெரிய விசிறிகள் மேல்மாடியில் ஓடும். நாட்பட விசிறியின் ஓர் இதழில் மட்டும் தூசியும் கொழுந்துப் பிசினும் ஒட்டிக் கனத்தால், பலகைத் தளம் முழுவதும் முனகத் தொடங்கும். அப்பா உள்ளங்கையைச் சுவரில் வைத்துப் பார்த்து, “விசிறி அழுக்கு” என்பார். நிறுத்தித் துடைத்ததும் முனகல் அடங்கிவிடும். மெதுவாகச் சுழலும்போது தெரியாது, வேகமெடுத்த பிறகே தெரியும் என்பதையும் சொல்லியிருக்கிறார். கினிகத்தேனை ஏற்றத்தில் இந்த ஞாபகம் வந்தபோது எனக்குக் காதுமடல் சுட்டது. சிறு வயதில் பார்த்திருக்கிறேன். பட்டதாரியானதும் அதையே கரும்பலகையில் சமன்பாடாக எழுதியிருக்கிறேன். ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்த அந்த நேரத்தில் மாத்திரம் புத்தி வேலை செய்யவில்லை.

திங்கட்கிழமை அதே கடைக்குப் போனேன். இளைஞர் முன் வலச் சக்கரத்தைக் கழற்றி, உட்புறத்தில் காய்ந்து கல்லாகியிருந்த சேற்றைச் சுரண்டி எடுத்து, இயந்திரத் தண்டில் ஏற்றிச் சுழற்றினார். சில விநாடிகளில் 45 கிராம் குறைவு என்று இலக்கம் எழுந்தது. எந்த இடத்தில் குறைவு என்பதையும் இயந்திரமே காட்டியது. அந்த ரிம்மின் ஓரத்தில் விரற்கடை நீளத்துக்கு ஓர் இடம் மட்டும் துருப்பிடிக்காமல் பளிச்சென்றிருந்தது. முன்பு அங்கே ஓர் ஈயத் துண்டு இருந்து விழுந்திருக்கிறது!

கேள்விமேல் கேள்வியாகக் கேட்டதில் விஷயம் வெளிவந்தது. ஒரு வருஷத்துக்கு முன் பொகவந்தலாவைப் பாதையில் பின் இடச் சக்கரத்தில் ஆணி ஏறி, வழியிலே ஓரிடத்தில் நெம்புகோல் போட்டு ரிம்மிலிருந்து டயரைப் பிரித்து ஒட்டிப் பூட்டினார்கள். அப்போது டயர் பழைய நிலையிலிருந்து திரும்பி உட்கார்ந்திருக்கும்; ஈயத் துண்டும் அப்போதே போயிருக்கும். பெலன்சிங் பார்க்கவேண்டிய நாள் அன்றுதான். அந்தச் சக்கரம் பின்னாலிருந்தவரை அதன் உதறல் ஆசனத்தடியில் அடங்கிப்போயிற்று. இடம் மாற்றியபோது குறுக்கு வழியில் முன் வலப்புறத்துக்கு வந்து, நேரே என் கைக்கு எட்டிவிட்டது.

“சேர் அன்னைக்குச் சொன்னது சரிதான்” என்றார் இளைஞர், ஈயத்தைத் தட்டிப் பொருத்திக்கொண்டே. “மாத்தினதால பெலன்ஸ் போகல்ல. அது முன்னமே இருக்கல்ல.”

இதைவிடச் சுருக்கமாக நானே சொல்லியிருக்க முடியாது. குடும்பத்தில் ஆள் கூடாது, குறையாது என்று வாதித்தேனே தவிர, ஏற்கெனவே ஓர் ஆள் காணாமற் போயிருக்கிறாரா என்று எண்ணிப் பார்க்கவில்லை.

மாணவ வாசகர்களுக்காக ஒரு சிறு கணக்கு. என் காரின் ரிம் 12 அங்குலம். டயரோடு சேர்த்த ஆரை ஏறக்குறைய 27 சென்ரிமீற்றர். மணிக்கு 90 கிலோமீற்றர் வேகத்தில் அது செக்கனுக்குச் சுமார் பதினைந்து முறை சுழல்கிறது. ரிம்மின் விளிம்பில் 45 கிராம் ஒரு பக்கமாக மிஞ்சியிருந்தால், அது வெளிப்புறமாக இழுக்கும் இழுப்பு ஏறக்குறைய ஆறு கிலோ கிராம் பாரத்துக்குச் சமம். அந்த ஆறு கிலோ செக்கனுக்குப் பதினைந்து தடவை மேலும் கீழும் முன்னும் பின்னுமாக அடிக்கிறது. மணிக்கு 30 கிலோமீற்றரில் போனாலோ, வேகம் மூன்றிலொரு பங்கு. இழுப்பு ஒன்பதிலொரு பங்கு. ஆறு கிலோ முக்கால் கிலோவுக்கும் குறைந்துவிடுகிறது. கோண வேகத்தின் வர்க்கம் என்று நாம் மனப்பாடம் செய்கிறோமே, அதுதான் இது.

நம் மலையகத்தின் பாதைகள் நமக்குச் செய்கிற வஞ்சகமும் இதுவே. இங்கே எவரும் எழுபதில் ஓட்ட முடியாது. ஆகவே சக்கரத்தின் குறை எத்தனை மாதமானாலும் வெளிப்படாது. காலியிலோ கட்டுநாயக்காவிலோ வசிப்பவர் மறுநாளே கண்டுபிடிப்பதை, நாம் வருஷக் கணக்கில் சுமந்துகொண்டு ‘கார் அருமையாக ஓடுகிறது’ என்று திருப்திப்படுகிறோம். தெற்கு அதிவேகப் பாதை 2011இலும் கட்டுநாயக்காப் பாதை 2013இலும் திறக்கப்படுவதற்கு முன், இது அவ்வளவு பெரிய சங்கதியும் அன்று. இப்போது மலையிலிருந்து இறங்குகிற கார், தன் ஆயுளில் அறியாத வேகத்தை ஒரே நாளில் அறிகிறது. அதுவும் பெரும்பாலும் ஆஸ்பத்திரிக்கோ விமானத்துக்கோ அவசரமாகப் போகிற நாளில்.

ஆகவே என் கட்சியை நான் முற்றிலும் விட்டுவிடவில்லை. சக்கரங்களை இடம் மாற்றுகிற ஒவ்வொரு தடவையும் நாலுக்கும் பெலன்சிங் கட்டாயம் என்பதை இன்றும் ஏற்கமாட்டேன். ஆனால் எதிர்க்கட்சியிலும் நியாயம் இருக்கிறது. பத்தாயிரம் கிலோமீற்றரில் தேய்ந்துபோகிற ரப்பரும் எடைதானே. அது எல்லாப் பக்கமும் ஒரே அளவாகத் தேய்வதில்லை. எப்படியும் சக்கரம் கழற்றப்பட்டுக் கீழே கிடக்கிறது. முன்னுக்கு வரப்போகிற இரண்டையும் ஒருமுறை சுழற்றிப் பார்ப்பதில் நஷ்டமில்லை. ரிம்மிலிருந்து டயரைப் பிரித்தால், ஆணிக்காகவோ புது டயருக்காகவோ, அப்போது தர்க்கம் பேசாமல் பார்த்தே தீரவேண்டும். மழைக்காலம் முடிந்தபின் ரிம்மின் உட்புறத்துச் சேற்றைக் கழுவுவது செலவில்லாத வைத்தியம். ஒன்றைக் குழப்பிக்கொள்ளக் கூடாது: ‘எலைன்மென்ட்’ என்பது வேறு. அது சக்கரங்கள் பார்க்கும் திசையை நேராக்குவது. ஒரு பக்கம் இழுக்கிற காருக்கும் ஓரம் மட்டும் தேய்கிற டயருக்கும் அதுவே மருந்து. நடுக்கத்தை அது தீர்க்காது. என் சக ஆசிரியர் ஒருவர் நடுக்கத்துக்காக இரண்டு தடவை எலைன்மென்ட் செய்து, மூன்றாந் தடவை காரையே விற்றுவிட்டார்.

மருமகனின் ஒப்பந்தம் இரண்டு வருஷம். அது முடிந்து, வருகிற மாதம் விடுமுறையில் வருகிறான். சென்ற வாரம் காரைக் கொண்டுபோய் நாலு சக்கரங்களையும் சுழற்றிப் பார்த்துவிட்டு, அந்தச் செய்தியை அக்காவுக்குத் தொலைபேசியில் சொன்னேன். கடுவலையில் ஏறினால் அரைமணி நேரந்தான், இனி ஒரு பயமுமில்லை என்று விளக்கினேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டாள்.

“விமானம் எத்தனை மணிக்குத் தம்பி?”

“சாயந்திரம் ஏழுக்கு.”

“அப்ப நாம விடியக்காலையிலேயே கிளம்பிடுவோம்” என்றாள்.